சமூக நீதி: கல்லூரியில் படிக்கும் பாடமா?

பிளஸ் 2 பரீட்சை முடிவு வந்துவிட்டால் போதும். பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும் பிளாஸ்டிக் பை வெளியே வந்துவிடும்.

அந்தப் பையில் மூன்று காகிதங்கள் முக்கியம். மதிப்பெண் பட்டியல் ஒன்று. மாற்றுச் சான்றிதழ் ஒன்று. சாதிச் சான்றிதழ் ஒன்று.

செஞ்சிக் கோட்டைக்குப் பக்கத்தில் உள்ள அனந்தபுரத்திலும் இதே கதைதான். அது ஒரு பேரூராட்சி. சுற்றிலும் நெல், கரும்பு, மணிலா. கல்லூரிப் படியை இதுவரை மிதிக்காத குடும்பங்கள் அங்கே நிறைய உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் முதல் முதலாக ஒரு பெண் பிளஸ் 2 தேறுகிறாள். என்ன படிக்கப் போகிறாள் என்பது அவளுடைய பிரச்சினை மட்டும் அல்ல. அப்பா, அம்மா, தாய்மாமன், எதிர்வீட்டு வாத்தியார், எல்லோருக்கும் அது பிரச்சினைதான்!

"அப்பா, நான் சமூகப் பணி படிக்கிறேன். சமூக நீதி பற்றியெல்லாம் அதில் பாடம் இருக்கிறதாம்" என்று மகள் சொல்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"அதைப் படித்தால் என்ன உத்தியோகம் கிடைக்கும் அம்மா?" என்பார் தகப்பனார்.

மாமா சும்மா இருப்பாரா? "சமூக நீதிக்கு எதற்குக் காலேஜ்? ஏதாவது ஒரு கட்சியில் சேர்ந்தால் போதுமே! பேசாமல் நர்சிங்கில் சேர்த்துவிடுங்கள் மாமா" என்பார்.

தகப்பனாரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். ஆனால், மாமாவின் கேள்வியைத்தான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், நாட்டில் பெரும்பாலோர் நினைப்பது அதைத்தான். சமூக நீதி என்றால் மேடையில் பேசுவது, சுவரில் எழுதுவது, ஊர்வலத்தில் கோஷம் போடுவது என்று எண்ணுகிறார்கள். அதை உட்கார்ந்து படிக்க என்ன இருக்கிறது என்று கேட்கிறார்கள்.

கடல் கடந்த நாட்டில்

கனடா நாட்டிலும் லண்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே கிங்ஸ் பல்கலைக்கழகக் கல்லூரி என்று ஒரு கல்லூரி இருக்கிறது. "சமூக நீதியும் அமைதியும்" என்ற பெயரிலேயே அங்கே பட்டப் படிப்பு உண்டு.

நம் நாட்டில் அந்தப் பெயரில் பட்டம் பெறுவது அரிது. சமூகப் பணி, சமூகவியல், அரசியல் விஞ்ஞானம், சட்டம் என்று பல படிப்புகளில் அது பிரிந்து கிடக்கிறது. இவற்றில் மிக நெருங்கியது சமூகப் பணி. 1936ஆம் ஆண்டு பம்பாயில் டாட்டா அறக்கட்டளை இதற்காக ஒரு பள்ளியைத் தொடங்கியது. இந்தியாவில் இந்தத் துறைக்கு அதுதான் முதல் பள்ளி. 1952இல் சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் சமூகப் பணிப் பள்ளியைத் தொடங்கினார். பி.எஸ்.டபிள்யூ. என்பது மூன்று ஆண்டுப் பட்டம். பிளஸ் 2வில் எந்தக் குரூப் படித்திருந்தாலும் சேரலாம்.

சரி, பாடத்தில் என்ன இருக்கிறது? கனடாவுக்குப் போக வேண்டாம். பிளாஸ்டிக் பைக்குள் இருக்கும் சாதிச் சான்றிதழையே எடுத்துப் பார்ப்போம்.

பதினான்கு இடங்கள்

அந்தக் காகிதத்துக்குப் பின்னால் நூறாண்டுச் சரித்திரம் இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் சர்க்கார் வேலைகள் ஒரு சாராரிடமே குவிந்து கிடக்கின்றன என்ற முறையீடு எழுந்தது. 1921இல் நீதிக்கட்சி மந்திரிசபை வகுப்புவாரி உத்தரவைப் பிறப்பித்தது. உத்தரவு காகிதத்தில் இருந்தது, வேலை நடக்கவில்லை. 1928இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. எஸ்.முத்தையா முதலியார் அப்போது மந்திரியாக இருந்தார்.

1947இல் கணக்கு மாற்றி எழுதப்பட்டது. அப்போது மாகாணத்தின் பிரதம மந்திரி யார் தெரியுமா? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் உள்ள ஓமந்தூர்க்காரர். செஞ்சி மக்களுக்கு அடுத்த வீட்டுக்காரர் மாதிரி!

புதிய கணக்கு இதுதான். பதினான்கு இடங்கள் இருந்தால், பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6. பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2. பிராமணர்களுக்கு 2. அரிசனங்களுக்கு 2. ஆங்கிலோ-இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1. முஸ்லிம்களுக்கு 1. கூட்டிப் பாருங்கள், 14 வரும்.

பிற்படுத்தப்பட்டவர்கள் தனி வரிசையில் வந்தது அப்போதுதான்.

1950இல் இந்தக் கணக்கு கோர்ட்டு ஏறியது. மருத்துவக் கல்லூரி இடம் சம்பந்தமாகச் சம்பகம் துரைராஜன் என்பவர் வழக்குப் போட்டார். என்ஜினீயரிங் இடம் சம்பந்தமாக இன்னொரு மாணவர் வழக்குப் போட்டார். சென்னை ஐகோர்ட்டு வகுப்புவாரி உத்தரவு செல்லாது என்றது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 9ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொல்லிவிட்டது. சாதி, மதம் காரணமாக மட்டும் ஒருவருக்குக் கல்லூரி இடத்தை மறுக்கக்கூடாது என்று அரசியல் சட்டம் சொல்கிறதே, அதன்படி உத்தரவு தவறு என்பது தீர்ப்பு.

தமிழ்நாடு கொதித்தது. பெரியார் போராட்டம் நடத்தினார். அதே ஆண்டு ஜூன் மாதம் பாராளுமன்றம் அரசியல் சட்டத்தில் முதல் திருத்தத்தைச் செய்தது. அதில் வேறு விஷயங்களும் இருந்தன. ஆனாலும், பின்தங்கிய மக்களின் முன்னேற்றத்துக்குச் சர்க்கார் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற 15ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு பிறந்தது அப்போதுதான்.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் முதல் திருத்தம்! அதற்கு ஒரு காரணம், சென்னையில் கல்லூரி இடம் பற்றி நடந்த ஒரு வழக்கு.

தேசிங்கு ராஜன் கதை செஞ்சிப் பிள்ளைகளுக்குத் தலைகீழ்ப் பாடம். குதிரையின் பெயர்கூடச் சொல்வார்கள். தங்கள் கையில் உள்ள சாதிச் சான்றிதழ் எந்த வழக்கில் ஜெயித்து, எந்த வழக்கில் தோற்று வந்தது என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஒரே ஊர், இரண்டு துக்கம்

விழுப்புரம் அனந்தபுரத்துக்காரர்களுக்குத் தினசரி போய்வரும் ஊர். ஆஸ்பத்திரி, கலெக்டர் ஆபீஸ், ரெயில் நிலையம், எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகவேண்டும்.

1978ஆம் ஆண்டு ஜூலை மாதம் அந்த விழுப்புரத்தில் கலவரம் மூண்டது. கடைத் தெருவில் ஆரம்பித்த தகராறு பெரும் கலவரமாக மாறியது. பெரியார் காலனியைச் சேர்ந்த 12 ஆதிதிராவிடர்கள் கொல்லப்பட்டார்கள்.

ஒன்பது ஆண்டுகள் கழிந்தன. 1987 செப்டம்பர் 17ந் தேதி வன்னியர்கள் தனி இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியலைத் தொடங்கினார்கள். வட மாவட்டங்களில் பஸ் ஓடவில்லை. போராட்டத்தில் 21 பேர் உயிர் இழந்தார்கள். 1989இல் மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினர் என்று 20 சதவீதம் தனியாகப் பிரிக்கப்பட்டது. அந்த 21 பேருக்கும் விழுப்புரத்தில் சர்க்கார் மணிமண்டபம் கட்டி, 2025 ஜனவரியில் திறந்தது. "சமூக நீதிப் போராளிகள்" என்றே அவர்களுக்குப் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது.

செஞ்சி வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஒரு துக்கத்தைக் கேட்டு வளர்கிறார்கள். மீதிப் பேர் இன்னொரு துக்கத்தைக் கேட்டு வளர்கிறார்கள். ஊரில் பிறந்த பிள்ளைக்குக் காலனியின் கதை தெரியாது. காலனியில் பிறந்த பிள்ளைக்கு ஊரின் கதை தெரியாது. தெரிந்தாலும், வெளியே பேசமாட்டார்கள். பேசினால் வம்பு.

இரண்டையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே புத்தகத்தில், தேதியோடும் கணக்கோடும் படிக்க ஓர் இடம் வேண்டாமா? திண்ணையில் அது நடக்காது. கட்சிக் கூட்டத்திலும் நடக்காது. அங்கே கேள்வி கேட்க முடியாது. கை தட்டத்தான் முடியும். கல்லூரி வகுப்பில் நடக்கலாம். மாமாவின் கேள்விக்கு முதல் பதில் இது.

"இதையெல்லாம் படித்தால் பிள்ளைகள் சண்டைக்காரர்களாக மாறிவிடமாட்டார்களா?" என்று சில பெற்றோர் பயப்படுவார்கள். பயம் இயற்கை. ஆனால், 1978இல் விழுப்புரத்தில் அடித்துக்கொண்டவர்கள் சமூக நீதியைப் பாடமாகப் படித்துவிட்டு வந்தவர்கள் அல்ல.

கணக்கு எங்கே என்று கோர்ட்டு கேட்டது

இரண்டாவது பதிலும் இருக்கிறது. அது இன்னும் சமீபத்தியது.

2021ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் தமிழக சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. 20 சதவீதத்துக்குள் வன்னியர்களுக்கு மட்டும் 10.5 சதவீதம் என்பது சட்டம். அதே ஆண்டு நவம்பரில் ஐகோர்ட்டின் மதுரைக் கிளை அதை ரத்து செய்தது. 2022 மார்ச் 31ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்துவிட்டது.

காரணம் என்ன? உள் ஒதுக்கீடே கூடாது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லவில்லை. மற்ற மிகவும் பிற்படுத்தப்பட்ட சாதியினரிடமிருந்து இவர்களை மட்டும் தனியாகப் பிரிப்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. அதாவது, கணக்கு எங்கே என்று கேட்டது!

எத்தனை குடும்பம்? எத்தனை பேர் பள்ளியை விட்டு நின்றார்கள்? எத்தனை பேருக்குச் சொந்த நிலம்? எத்தனை பேர் சர்க்கார் உத்தியோகத்தில்? வீடு வீடாகப் போய்க் கேட்டு, எழுதி, கூட்டி, அட்டவணை போட்டு, கோர்ட்டில் நிற்கும்படி கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் கோஷத்தால் உருவாகமாட்டான். பாடம் படித்துத்தான் உருவாகவேண்டும்.

இந்த விஷயத்தில் ஒரே ஒருவரைப் பார்த்தால் போதும். அம்பேத்கர் 1912இல் பம்பாயில் பி.ஏ. தேறினார். பரோடா மகாராஜா கொடுத்த உதவிப் பணத்தில் 1913இல் அமெரிக்கா போய்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். என்ன படித்தார்? பொருளாதாரம், சமூகவியல், சரித்திரம்! 1916இல் இந்தியாவின் சாதிகள் பற்றி அங்கே ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வாசித்தார். பிறகு லண்டனில் ரூபாய் நாணயத்தின் பிரச்சினையை ஆராய்ந்து 1923இல் டாக்டர் பட்டம் வாங்கினார். பாரிஸ்டர் பரீட்சையும் எழுதினார். பள்ளிக்கூடத்தில் தண்ணீர்ப் பானையைத் தொட அனுமதிக்கப்படாத பையன் அவர். அவருக்கு ஆத்திரம் இல்லாமலா இருந்திருக்கும்? ஆத்திரத்தை வைத்துக்கொண்டு கணக்குப் படித்தார், சட்டம் படித்தார். பின்னால் அரசியல் சட்டத்தை எழுதும் குழுவுக்குத் தலைவர் தேவைப்பட்டபோது அவர் தயாராக இருந்தார்.

ஒரு காகிதம் இல்லாததால்

செஞ்சி, திண்டிவனம் பக்கத்தில் இருளர் குடியிருப்புகள் உண்டு. ஏரிக்கரை ஓரத்திலும் வயல்வெளியிலும் குடிசை போட்டு வாழ்பவர்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகிறவர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு கொத்தடிமையாகச் சிக்கிக்கொள்வதும் உண்டு. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976லேயே வந்துவிட்டது. சட்டம் வந்த செய்தி சூளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் கேள்வி.

இருளர் பழங்குடியினர். பழங்குடி என்ற சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் கொடுக்கவேண்டும். தகப்பனாருக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று ஆபீசில் கேட்பார்கள். தகப்பனார் பள்ளிக்கே போகாதவர். அவருக்கு எங்கே இருக்கும்? பையன் பிளஸ் 2 வரை வந்துவிட்டு, ஒரு காகிதம் இல்லாமல் நின்றுபோவான்.

இந்த இடத்தில்தான் படித்த ஒரு பெண் தேவைப்படுகிறாள். யாருக்கு மனு எழுதவேண்டும், எந்த ஆதாரத்தை இணைக்கவேண்டும், மறுத்தால் எங்கே முறையிடவேண்டும், தகவல் உரிமைச் சட்டத்தில் என்ன கேட்கலாம் என்று அவளுக்குத் தெரியும். பி.எஸ்.டபிள்யூ. வகுப்பில் இதைத்தான் களப்பணி என்கிறார்கள். வழக்கமாக வாரத்தில் இரண்டு நாள் மாணவர்கள் வகுப்பில் உட்காரமாட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும், குழந்தைகள் இல்லத்துக்கும், கிராமத்துக்கும் போவார்கள். பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதி ஆசிரியரிடம் காட்டுவார்கள்.

சென்னையில் பிறந்த மாணவிக்கு இருளர் குடிசை ஒரு காட்சி. அனந்தபுரத்துப் பெண்ணுக்கு அப்படி அல்ல. அவளுடைய வயலில் நாற்று நட வந்த அம்மாளின் வீடு அது. அல்லது, அவளுடைய சொந்த அத்தையின் வீடு.

உத்தியோகம் கிடைக்குமா?

இனி, தகப்பனாரின் கேள்வி. இதில் ஒளிவு மறைவு கூடாது.

என்ஜினீயர் போலவோ நர்ஸ் போலவோ இந்தப் பட்டத்துக்கு என்று நிச்சயமான நாற்காலி போட்டு வைக்கப்படவில்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், ஆஸ்பத்திரி, போதை மறுவாழ்வு இல்லம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் சமூகப் பணி படித்தவர்களை எடுக்கிறார்கள். ஆனால், பல வேலைகள் ஒப்பந்த வேலைகள். தொகுப்பூதியம்தான். சற்று மேலான பதவிக்கு எம்.எஸ்.டபிள்யூ. கேட்கிறார்கள். அதற்கு இன்னும் இரண்டு வருடம் படிக்கவேண்டும்.

இதை மறைத்துவிட்டு, "சமுதாயத்துக்குச் சேவை செய்யலாம், வாருங்கள்" என்று ஏழை வீட்டுப் பெண்ணை அழைப்பது சரி அல்ல. அவளுடைய சம்பளத்தை எதிர்பார்த்து ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. தம்பியின் படிப்பு அதில்தான் இருக்கிறது. மணிலா போட்டு நஷ்டப்பட்ட கடன் அதில்தான் தீரவேண்டும். அந்தத் தகப்பனாரை "பணத்தாசை பிடித்தவர்" என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை கிடையாது.

ஆனாலும், இரண்டு வழிகளை அவர் யோசித்துப் பார்க்கலாம்.

தேர்வாணையம் நடத்தும் குரூப் 2 போன்ற பரீட்சைகளில் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் இருந்தால் போதும். பி.எஸ்.டபிள்யூ.வும் பட்டம்தான். அரசியல் சட்டம், சமூகச் சீர்திருத்தம், சர்க்கார் திட்டங்கள் ஆகிய பகுதிகளை அவள் ஏற்கெனவே வகுப்பில் படித்திருப்பாள். மற்றவர்கள் அவற்றைக் கோச்சிங் வகுப்பில் பணம் கட்டிப் படிக்கிறார்கள்.

இன்னொரு வழி சட்டம். விழுப்புரத்தில் 2017ஆம் ஆண்டு அரசு சட்டக் கல்லூரி திறக்கப்பட்டது. சமூகப் பணி முடித்தவர் மேற்கொண்டு மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம். வழக்கும் தெரிந்து, வழக்குக்கு வந்தவரின் குடிசையும் தெரிந்த வக்கீல்கள் இந்த மாவட்டத்துக்கு வேண்டும்.

வேறு எங்கும் இடம் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் இதில் சேருவது வேண்டாம். வெயிலில் நடக்கவும், அழுகையைக் கேட்கவும், ஆபீஸ் வாசலில் பொறுமையாக நிற்கவும் மனது இருக்கவேண்டும். சதவீதக் கணக்கைக் கண்டால் ஓடுகிறவர்களுக்கும் இது ஆகாது.

சர்க்காரின் பங்கு

2021 முதல் பெரியாரின் பிறந்த நாளான செப்டம்பர் 17 தமிழ்நாட்டில் "சமூக நீதி நாள்". சர்க்கார் அலுவலகங்களில் உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்ல காரியம்தான். 2022இல், சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் வந்தது. அதுவும் நல்ல காரியம். பஸ்சுக்கும் சாப்பாட்டுக்கும் ஆனது.

ஆனால், சமூகப் பணிப் பட்டப் படிப்பு பெரும்பாலும் நகரங்களில் உள்ள தனியார் கல்லூரிகளிலும், அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும்தான் இருக்கிறது. சென்னைக்கு அனுப்பி, ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்கவைக்க அனந்தபுரத்துக் குடும்பத்தால் முடியுமா? காலையில் கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய், இரவுக்குள் வீடு திரும்பும் தூரத்தில் உள்ள அரசு கலைக் கல்லூரிகளில் இந்தப் படிப்பு வரவேண்டும். வட மாவட்டங்களில் முதலில் வரவேண்டும். 1978ம் 1987ம் நடந்த மண் இதுதானே? பாடப் புத்தகம் தமிழில் இருக்கவேண்டும். ஓமந்தூராரின் பதினான்கு இடங்களும், 10.5 சதவீதத் தீர்ப்பும், பெரியார் காலனியும், மணிமண்டபமும் அதில் இடம் பெறவேண்டும்.

களப்பணிக்குப் போகும் நாட்களுக்குப் படிப்பணம் கொடுத்தால் ஏழைப் பிள்ளைகள் இடையில் நிற்கமாட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் சேவை மையத்திலும் ஒப்பந்தத்தில் இருப்பவர்களின் இடங்களை நிரந்தர உத்தியோகங்களாக மாற்றவேண்டும். கலெக்டர் ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் வேலை விளம்பரம் ஒட்டும்போது, "ஏதேனும் ஒரு பட்டம்" என்று இருக்கும் இடங்களில் சிலவற்றையாவது "சமூகப் பணிப் பட்டம்" என்று திருத்தி ஒட்டட்டும். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் தகப்பனார், மகளின் விண்ணப்பத்தில் தாமே முன்வந்து கையெழுத்துப் போடுவார்.